ஒரே லாரி வைத்திருப்பவர் லோடு பிடிப்பது எப்படி? மதுரைப் பக்கத்து வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். பதினொரு வருஷமாக ஒரு பத்து வீல் வண்டி வைத்திருக்கிறேன், பாதி டிரிப் நானே ஓட்டுகிறேன், மீதிக்கு டிரைவர் போகிறார். புதிதாக வண்டி எடுத்தவர்களும், டிரைவராக இருந்து ஓனராக மாறியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் போடும் கணக்கில் வரும் ரேட் எல்லாம் உதாரணத்துக்கு, வாரா வாரம் மாறும். கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொண்டு உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

லோடு எந்தெந்த வழியில் வருகிறது?

லாரி புக்கிங் ஆபீஸ், புரோக்கர், டிரான்ஸ்போர்ட் கம்பெனியோடு அட்டாச்மெண்ட் (வண்டியை ஒப்பந்தம் போட்டு ஒரே கம்பெனிக்கு ஓட விடுவது), செல்போன் ஆப், நேரடிப் பார்ட்டி (சரக்குக்காரரே நேராகத் தருவது). வாட்ஸ்அப் குழுவைத் தனி வழியாக நான் கணக்கில் எடுப்பதில்லை, அதில் லோடு போடுவதும் பெரும்பாலும் இதே புரோக்கர்கள்தான். ஒரே லோடு மூன்று குழுவில் மூன்று ரேட்டில் வந்தால், நடுவில் மூன்று கை இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். யார் மிகக் குறைவாகச் சொல்கிறாரோ அவர் கடைசிக் கை.

புதிதாக வண்டி எடுத்திருக்கிறேன், முதலில் எங்கே போவது?

புக்கிங் ஆபீஸுக்கு. நேரில் போங்கள், போனில் வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பான் கார்டு ஜெராக்ஸ் ஒரு செட், வண்டியின் நீள அகலம், பாடி உயரம், எத்தனை டன் பாஸிங் (ஏற்ற அனுமதியுள்ள எடை) என்று ஒரு தாளில் எழுதி கொடுத்துவிட்டு வாருங்கள். நாலைந்து ஆபீஸ் போதும். முதல் ஆறு மாசம் ரேட்டில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நிற்கிறது, சரக்கு நனையாமல் போய்ச் சேர்கிறது என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வந்த பிறகு, "அண்ணே, வண்டி எங்க நிக்குது?" என்று அவர்களே கூப்பிடுவார்கள்.

கமிஷன் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஆபீஸுக்கு ஆபீஸ், லோடுக்கு லோடு மாறும். ஏற்றுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் சொல்கிற வாடகை கமிஷன் போக வருவதா, கமிஷன் சேர்த்ததா? லோடிங் மாமூல் (ஏற்றும் ஆட்களுக்குக் கொடுப்பது) யார் கணக்கு?

ஒரு லோடு கட்டுமா கட்டாதா என்று எப்படிப் பார்ப்பது?

இதை ரொம்ப நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல டிரைவராக இருந்து வண்டி வாங்கி இரண்டே வருஷத்தில் ஃபைனான்ஸ்காரரிடம் வண்டியை விட்டவர்கள் எனக்குத் தெரிந்து பலர், அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை, மாசம் முழுக்க ஓடியவர்கள்தான். கணக்குப் போடாமல் ஓடினார்கள்.

முதலில், வண்டி நின்றாலும் ஆகும் செலவு. டியூ, அதாவது வண்டிக் கடன் தவணை, மாசம் 55,000 என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், எஃப்.சி., நேஷனல் பெர்மிட் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 11,000. 20 டன்னுக்கு மேல் 40 டன்னுக்குள் மொத்த எடை உள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியமே 2022-இல் நிர்ணயித்தபடி 43,950 ரூபாய், ஜிஎஸ்டி தனி, ஆகவே இதில் மிகை இல்லை. ரிப்பேருக்கென்று 9,000 எடுத்து வையுங்கள். ஆக 75,000. மாசம் 25 நாள் வண்டி வேலையில் இருந்தால் நாளுக்கு 3,000. இந்த எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓடினால் ஆகும் செலவு. லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர், காலியாக 5.5, டீசல் 93 ரூபாய், டயர் ஆயில் தேய்மானம் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்று வைத்தால், மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர், போக வர 920. இரண்டு பக்கமும் லோடு என்றால் டீசல் 21,390, தேய்மானம் 3,680, டோல், டிரைவர் படி, மற்றதெல்லாம் சேர்த்து 9,000. மொத்தம் 34,070.

போகும்போது 28,000, வரும்போது 22,000 வாடகை கிடைத்தால் 50,000. மிச்சம் 15,930. நாலு நாளில் வீடு வந்து சேர்ந்தால் நாளுக்கு 3,982, நம்முடைய 3,000 போக நாலு நாளுக்கும் சேர்த்துக் கையில் கிட்டத்தட்ட நாலாயிரம் நிற்கும். அதே டிரிப், அதே வாடகை, சென்னையில் ரிட்டர்னுக்காக இரண்டு நாள் கூடுதலாக நின்றுவிட்டீர்கள் என்றால் ஆறு நாள், நாளுக்கு 2,655. இப்போது இரண்டாயிரம் ரூபாய் நஷ்டம். வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் லாபம் நஷ்டமாகிவிட்டது. அதனால்தான் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் எந்த ஊரில் இறங்குகிறது, அங்கே எத்தனை நாளில் காலியாவோம், அங்கிருந்து எப்படி வருவோம் என்று கேட்கச் சொல்கிறேன்.

அப்படியென்றால் ரிட்டர்ன் லோடை எப்போது பேசுவது?

இங்கே தார்ப்பாய் கட்டும்போதே. இறங்கும் ஊரில் மூன்று ஆபீஸாவது தெரிந்திருக்க வேண்டும், வண்டி கிளம்பியதும் "நாளை மறுநாள் மத்தியானம் சென்னை மாதவரத்தில் காலியாவேன்" என்று தகவல் சொல்லிவிட வேண்டும். இறக்கிய பிறகு போன் போட்டால் அந்த ஏரியாவில் ஏற்கெனவே நிற்கிற வண்டிகளுக்குப் பின்னால்தான் உங்கள் முறை வரும்.

கேரளாவுக்கு இதில் தனிக் கணக்கு. ஒட்டன்சத்திரம் காய்கறி, அரிசி, சிமெண்ட் என்று இங்கிருந்து போவது அதிகம், அங்கிருந்து வருவது குறைவு. காலியாகத் திரும்புவதாகவே நினைத்து வாடகை பேச வேண்டும், வருகிறபோது ஏதாவது கிடைத்தால் அது மேல்வரும்படி. அங்கே வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே வாங்கிய நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் இறக்குக்கூலி யாருடையது என்பதை இங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், கோடவுன் வாசலில் நின்று பேசுவது நமக்கு எப்போதும் பாதகம்.

மதுரையைச் சுற்றி எந்தச் சரக்கை நம்பலாம்?

நாம் உட்கார்ந்திருக்கும் இடம் நல்ல இடம். வடக்கே தெற்கே 44-ஆம் எண் நெடுஞ்சாலை, தூத்துக்குடிக்கும் திருச்சிக்கும் 38, கொச்சிக்கும் தொண்டிக்கும் 85, மூன்றும் இங்கே சந்திக்கின்றன. சிவகாசியில் நோட்டுப்புத்தகம், காலண்டர், அச்சு வேலை, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டி, விருதுநகரில் பருப்பு, எண்ணெய், வத்தல், ஆர்.ஆர்.நகர் சிமெண்ட், ராஜபாளையம், அருப்புக்கோட்டை நூல், மேலூர்ப் பக்கம் கல், தூத்துக்குடியில் உப்பும் துறைமுகச் சரக்கும். உள்ளே வருவதைப் பார்த்தால் கீழமாரட் வீதிக்கு மகாராஷ்டிரா வெங்காயம், கீழமாசி வீதிக்குப் பலசரக்கு, மாட்டுத்தாவணிக்குக் காய், பழம், கப்பலூர் சிட்கோவுக்குத் தொழிற்சாலைச் சரக்கு. நகருக்குள் இறக்குவதென்றால் பெரிய வண்டிக்கு ராத்திரிதான், அந்த நேரத்தையும் நாள் கணக்கில் சேருங்கள்.

என் சொந்த விருப்பம் நோட்டுப்புத்தகமும் நூலும். எடை சரியாக வரும், கிளீனான சரக்கு, பார்ட்டிகள் பில் ஒழுங்காகப் போடுவார்கள். நனையக் கூடாது, அவ்வளவுதான். தக்காளி மாதிரி அழுகும் சரக்குக்கு வாடகை நன்றாக வரும், ஆனால் ஒரு பஞ்சர் ஆகி மார்க்கெட் நேரம் தவறினால் அந்த வாடகையைப் பற்றிப் பேசவே முடியாது. பட்டாசு வேறு விஷயம், டிரைவர் லைசென்ஸில் ஆபத்தான சரக்குக்கான எண்டார்ஸ்மெண்ட் வேண்டும், வெடிபொருள் விதிகள் தனியாக இருக்கின்றன. தீபாவளி சீசனில் ரேட் ஏறுகிறது என்று எதுவும் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

தார்ப்பாயில் உங்களுக்கு ஏன் இவ்வளவு கவனம்?

நான் பட்டதால். நாலு வருஷம் முன்னால் ஐப்பசி மாசம் சிவகாசியிலிருந்து நோட்டுப்புத்தகம் ஏற்றிக்கொண்டு போனேன். விழுப்புரம் தாண்டி நல்ல மழை. இறக்கும்போது கேபினுக்குப் பின்னால் இருந்த மூன்று பண்டல் நனைந்திருந்தது, தார்ப்பாயில் விரல் நுழையாத ஓட்டை. கோடவுன்காரர் டெலிவரி ரசீதில் "3 பண்டல் நனைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது நியாயம்தான். ஆனால் லோடு கொடுத்த ஆபீஸ், மூன்று பண்டலுக்கு உண்டானதை மட்டும் கழிக்காமல் பேலன்ஸ் 9,000 முழுவதையும் நிறுத்தி வைத்தது. பார்ட்டி இன்னும் தரவில்லை, முதலாளி ஊரில் இல்லை என்று நாலு மாசம் நடந்தேன்.

இப்போது மாசத்துக்கு ஒரு தடவை பட்டப்பகலில் தார்ப்பாயை முழுசாக மூடிக் கட்டிவிட்டு பாடிக்குள் ஏறி நின்று அண்ணாந்து பார்க்கிறேன். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் நட்சத்திரம் மாதிரித் தெரியும். அங்கேயே சாக்பீஸில் வட்டம் போட்டு, கீழே இறங்கி ஒட்டுப் போடுகிறேன். மடிப்பு விழும் மூலையும் கயிறு உரசும் ஓரமும்தான் முதலில் போகும்.

அட்வான்ஸ், பேலன்ஸ் எப்படிப் பேச வேண்டும்?

முக்கால்வாசிக்கு மேல் அட்வான்ஸாக வர வேண்டும், ஏற்றிய அன்றே, வண்டி நகர்வதற்கு முன்னால். டீசல், டோல், படி எல்லாம் அதில் அடங்க வேண்டும், கடன் வாங்கி அடுத்தவர் சரக்கை சுமக்கக் கூடாது. பேலன்ஸ் டெலிவரி ரசீது கொடுத்த எத்தனையாவது நாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வண்டி நம்பர், எங்கிருந்து எங்கே, வாடகை, அட்வான்ஸ், பேலன்ஸ், இறக்க எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் ஹால்டிங் (காத்திருப்பு வாடகை) நாளுக்கு எவ்வளவு, அவ்வளவுதான். பேச்சில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஆறு வாரம் கழித்து யாருக்கும் எதுவும் நினைவில் இருக்காது.

இறக்கிய இடத்திலேயே ரசீதை இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சீல், தேதி, வந்த நேரம் எல்லாம் தெரிய வேண்டும். ஒரிஜினலை டேஷ்போர்டில் போடாமல் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். காலையில் போய் நின்றும் மறுநாள்தான் இறக்கினார்கள் என்றால், கேட்டில் என்ட்ரி போட்ட நேரத்தை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், அது இல்லாமல் ஹால்டிங் கேட்டால் கிடைக்காது.

நான் வைத்திருக்கும் விதி இது: எந்த ஆபீஸிலும் இரண்டு டிரிப் பேலன்ஸுக்கு மேல் நிற்கவிட மாட்டேன். மூன்றாவது லோடு எவ்வளவு நல்ல ரேட்டில் வந்தாலும் பழையது வந்த பிறகுதான் ஏற்றுவேன். வாடகையில் 500 குறைத்துக் கொடுத்து மூன்றாம் நாள் பேலன்ஸ் போடுகிற ஆபீஸ் ஒன்று எனக்கு இருக்கிறது. கூடுதல் ரேட் தருவதாகச் சொல்லும் பத்துப் பேரை விட அவர்தான் எனக்கு வேண்டும்.

ஆப்பில் லோடு எடுக்கலாமா?

எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். பிளாக்பக் மாதிரி 2015 வாக்கில் தொடங்கிய ஆப்கள் வந்த பிறகு தெரியாத ஊரில் நிற்கிற வண்டிக்கு ஒரு வழி கிடைத்தது, அது உண்மையான உதவி. இன்றைக்கு எந்த ரூட்டில் என்ன ரேட் போகிறது என்று தெரிந்துகொண்டு புக்கிங் ஆபீஸில் பேசவும் உதவும். ஆனால் ஆப்பில் இருக்கிற எல்லா லோடையும் ஆப் கம்பெனி போடுவதில்லை, அதற்குப் பின்னாலும் ஒரு புரோக்கர் இருப்பார். அவர் யார், ஆபீஸ் எங்கே, ஏற்றும் கோடவுன் முகவரி என்ன என்று கேளுங்கள்.

ஏமாற்று வேலை ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ரேட் வழக்கத்தை விட நிறைய இருக்கும், பேசுகிறவர் பெரிய கம்பெனி அல்லது ராணுவம் என்பார், கேட் பாஸுக்கோ டெபாசிட்டுக்கோ யுபிஐ-யில் இரண்டாயிரம் மூவாயிரம் போடச் சொல்வார். லோடு ஏற்றுவதற்கு வண்டிக்காரர் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. போனை வைத்துவிடுங்கள்.

டிரான்ஸ்போர்ட்டில் அட்டாச்மெண்ட் விடுவது நல்லதா?

டியூ பாதி முடியாதவர்களுக்கு நல்லதுதான். லோடு நிச்சயம், ரேட் குறைவு, மாசா மாசம் பில். கையெழுத்துப் போடும் முன்னால் டீசல் விலை ஏறினால் வாடகை ஏறுமா, வண்டி நின்றால் குறைந்தபட்ச கிலோமீட்டருக்குப் பணம் உண்டா, பில் எத்தனை நாளில் என்று மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லாத ஒப்பந்தம் வேண்டாம்.

நேரடிப் பார்ட்டியைப் பிடிப்பது எப்படி?

மெதுவாக. ஒரு பார்ட்டிக்கு மாசம் இருபது லோடு இருந்தால் உங்கள் ஒரு வண்டி போதாது, அவர் ஆபீஸைத்தான் நம்புவார். மாசம் மூன்று நாலு லோடு உள்ள சின்ன மில், சின்ன அச்சகம், சிட்கோ யூனிட், இவர்களுக்குத்தான் நாம் சரியான ஆள். ஆபீஸ் மூலம் ஏற்றப் போன இடத்திலேயே, அந்த ஆபீஸ் முதுகுக்குப் பின்னால், "அடுத்த தடவை எனக்கே போன் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். மதுரை பெரிய ஊர் மாதிரித் தெரியும், லாரி வட்டாரம் சின்னது, ஒரு வாரத்தில் எல்லா ஆபீஸுக்கும் தெரிந்துவிடும். வேறு பார்ட்டியைத் தேடிப் போங்கள்.

உங்களால் வண்டி கொடுக்க முடியாத நாளில் தெரிந்த இன்னொரு ஓனர் வண்டியை அனுப்பி வையுங்கள். நாலைந்து ஓனர்கள் இப்படி ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டால் பார்ட்டி கையைவிட்டுப் போகாது.

ஓவர்லோடு ஏற்றினால்தான் கட்டும் என்கிறார்களே?

வேண்டாம். 2018 ஜூலையில் அனுமதி எடையையே உயர்த்தினார்கள், புதிய மூன்று ஆக்ஸில் (பத்து வீல்) வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது. 2019 சட்டத்திருத்தத்தில் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இரண்டு டன் கூட ஏற்றினால் 24,000, மேலே போட்ட கணக்கில் சென்னை டிரிப்பின் மிச்சமே 15,930-தான். டயர் வெடிப்பதும், பிரேக் பிடிக்காமல் போவதும், விபத்தானால் இன்சூரன்ஸில் வரும் சிக்கலும் தனி. எடை மேடையில் போட்ட சீட்டை நீங்களே பார்த்து வாங்குங்கள்.

இ-வே பில்லில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) டிரைவர் பார்க்க வேண்டியது என்ன?

வண்டி நம்பர், ஒவ்வொரு எழுத்தாக. அப்புறம் எதுவரை செல்லும் என்ற தேதி. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, சென்னைக்கு 460 என்றால் மூன்று நாள். வழியில் வண்டி நின்றுவிட்டால் காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் வரை நீட்டிக்கலாம், உடனே ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும் வெளி மாநிலத்துக்கு 50,000-க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இது கட்டாயம். சரக்கு வியாபாரியுடையதாக இருந்தாலும் மடக்கினால் நிற்பது நம் வண்டி.

ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) நமக்கு உண்டா?

டிரான்ஸ்போர்ட் ஏஜென்சிக்கு வண்டியை வாடகைக்கு விடுகிறவரைக்கும் அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை. நீங்களே எல்.ஆர். (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீது) போட ஆரம்பித்தால் நீங்களும் ஏஜென்சி ஆகிவிடுவீர்கள், அதற்குப் பதிவும் வேறு, விதிகளும் வேறு, ஆடிட்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பத்து வண்டி வரை உள்ளவர் பான் நம்பரோடு உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை, அந்தத் தாளை ஒவ்வொரு ஆபீஸிலும் கொடுத்து வையுங்கள்.

டிரைவர் போகும்போது லோடு யார் பேச வேண்டும்?

ஓனர்தான். டிரைவரை நம்பவில்லை என்பதால் சொல்லவில்லை, ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு இறக்கும் இடத்தில் அரைத்தூக்கத்தில் இருக்கிறவர் நாலு புரோக்கரிடம் ரேட் பேசினால் எந்த ரேட்டுக்கும் சரி என்றுதான் சொல்வார். அவர் தூங்கட்டும். ஆனால் எடுக்கும் முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அந்தக் கோடவுனில் எப்படி இறக்குகிறார்கள், ரோடு எப்படி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

வெளியூரில் மூன்று நாளாக வண்டி நிற்கிறது, அடிமாட்டு ரேட் சொல்கிறார்கள். ஏற்றலாமா?

மாதவரத்தில் நிற்கிறீர்கள், வழக்கமான 22,000-க்குப் பதில் 15,000 சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலியாக மதுரை வந்தாலே டீசல் 7,778, தேய்மானம் 1,840, டோலும் படியும் 4,500, ஆக 14,118 கைக்காசு. லோடோடு வந்தால் 17,035. கூடுதல் செலவு மூவாயிரத்துக்கும் கீழே, வருவது பதினைந்தாயிரம். காலியாக வருவதை விட எப்படிப் பார்த்தாலும் மேல். நல்ல ரேட்டுக்காகக் காத்திருக்கலாமா என்றால், வித்தியாசம் 7,000, நாளுக்கு 3,000 போகிறது. இரண்டு நாளுக்குள் நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் நில்லுங்கள், இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

ஆனால் இதே 15,000-த்தை மதுரையில் இருந்து சென்னைக்கு யாராவது சொன்னால் ஏற்றாதீர்கள். ஓடுகிற செலவே 17,035. வண்டி வீட்டு வாசலில் நிற்கட்டும், அன்றைக்கு கிரீஸ் அடித்து, தார்ப்பாயைப் பார்த்துவிடுங்கள்.